டிக்கி கதவில் வைப்பர், டீஃபாகர் நின்றுவிட்டதா? மோட்டார் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஸ்யூவியில் பின்பக்க வைப்பர் நின்றதும் பலர் நேராகக் கடைக்குப் போய் மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். புது மோட்டாரைப் போட்டாலும் வைப்பர் அசையாது. நான் பார்த்த வண்டிகளில் பழுது பெரும்பாலும் மோட்டாருக்கு வருவதற்கு முன்பே, ஒயரிலோ எர்த்திலோ (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு) ஃபியூஸிலோதான் இருந்திருக்கிறது. அதனால் இங்கே மோட்டாரின் முறை ஏழாவதாகத்தான் வரும். அவசரப்பட்டு வரிசையை மாற்றாதீர்கள்.

கிரெட்டா, டஸ்டர், எக்ஸ்யூவி500 போல மேலே தூக்கும் கதவுக்கும், ஸ்கார்பியோ, பொலேரோ, ஈக்கோஸ்போர்ட், ஜிம்னி போலப் பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கும் இதே முறைதான். ஒயர் வண்டியிலிருந்து கதவுக்குத் தாண்டும் இடம் மட்டும் மாறும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப். இரண்டும் வேண்டும். டெஸ்ட் லேம்பில் எல்இடி இல்லாமல் பழைய மாதிரி இழை பல்பு இருக்க வேண்டும். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது ஜம்மென்று 12 வோல்ட் காட்டும். பல்பு மின்சாரம் எடுக்கும். ஒயர் பலவீனமாக இருந்தால் மங்கிவிடும். மீட்டரை மட்டும் நம்பி "லைன் வருது, அப்போ மோட்டார்தான்" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

பேனலைக் கழற்ற பிளாஸ்டிக் நெம்புகோல், உடைந்தால் மாற்ற நாலைந்து கிளிப், 10, 13 மிமீ சாக்கெட், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக மூடும் உறை), வண்டிக்கான பல இழை ஒயர், கொஞ்சம் அலுமினியத் தாள். ஃபியூஸ் எங்கே என்பதற்கு வண்டியோடு வந்த கையேடு போதும். ஒயர் நிறத்துக்கு அந்த மாடலின் ஒயரிங் படம் கிடைத்தால் பாதி வேலை குறையும்.

பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் டீஃபாகர், அதாவது பின்கண்ணாடியைச் சூடாக்கி மூட்டத்தை விலக்கும் கோடுகள், வேலை செய்யும். அந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம்.

கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் கூரை ஓரத்துக்குள் ஏர்பேக் மடிந்து கிடக்கும். அந்தப் பக்கத்து பேனலைக் கழற்றுவதானால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து தொடங்குங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) எதிலும் டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது.

2. எவையெல்லாம் சேர்ந்து நின்றிருக்கின்றன என்று எழுதுங்கள்

எதையும் கழற்றும் முன் டிக்கி கதவில் மின்சாரம் போகும் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்: வைப்பர், டீஃபாகர், நம்பர் பிளேட் லைட், மேல் பிரேக் லைட், கதவு லாக், ரிவர்ஸ் கேமரா. கதவைத் திறந்து வைத்து ஒருமுறை, மூடி ஒருமுறை. எழுதி வைத்துக்கொண்டால் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரியும்.

வைப்பர் மட்டும் நின்றிருந்தால் அதன் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார் என்று ஒரே பாதையில் தேடினால் போதும். மூன்று நான்கு சேர்ந்து நின்றிருந்தால் ஒயர் தாண்டும் ரப்பர் குழாயோ பொது எர்த்தோதான் காரணமாக இருக்கும். கதவு ஒரு நிலையில் இருக்கும்போது மட்டும் வேலை செய்கிறது என்றால் பெரும்பாலும் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது.

பிரேக்கை மிதித்தால் நம்பர் பிளேட் லைட் மங்கலாக எரிவது, வைப்பர் போட்டால் வேறு விளக்கு மினுங்குவது போன்ற பேய்த்தனம் எல்லாம் எர்த் விட்டுப்போனதன் அடையாளம். பேட்டரிக்குத் திரும்பும் வழி அறுந்ததால் மின்சாரம் இன்னொரு பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சில வண்டிகளில் கதவு திறந்திருந்தால் பின் வைப்பர் ஓடாது; அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். டொயோட்டா ஃபோர்ரன்னரில் பின்கண்ணாடியே கீழே இறங்கும். அது முழுதாக மேலே ஏறினால்தான் வைப்பர் நகரும். அங்கே கண்ணாடியின் நிலையை உணரும் சுவிட்ச் கெட்டால் வைப்பர் கெட்டது போலத் தெரியும். டீஃபாகரும் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அதுவும் பழுதில்லை.

3. ஃபியூஸ்: கழற்றிப் பார்க்காமல் சோதியுங்கள்

ஃபியூஸ் பெட்டி பொதுவாக இரண்டு இருக்கும், டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்று, பானட்டுக்குள் ஒன்று. வைப்பர் ஒன்றிலும் டீஃபாகர் மற்றதிலும் இருக்கலாம்.

சாவியை ஆன் செய்து சுவிட்சைப் போட்டபின், டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை வண்டி உடம்பில் மாட்டி, மறு முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே லைன் வரவில்லை, ரிலேயை (சுவிட்ச் போட்டதும் லைனைத் திறந்துவிடும் சிறு பெட்டி) பாருங்கள். அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை இடம் மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பதைவிட இது நம்பகமானது, மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

புது ஃபியூஸும் உடனே போனால் அதைவிடப் பெரிய ஆம்பியர் போடாதீர்கள். 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். மோட்டார் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். இப்போது ஃபியூஸ் போகாவிட்டால் பழுது மோட்டாருக்குள்தான். இப்போதும் போனால் ஒயரில் ஷார்ட்.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ்களைச் செலவழிக்க வேண்டாம். மோட்டார் கப்ளர் கழன்றிருக்கும்போதே, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடவிடாது என்பதால் எதுவும் உருகாது. ஒயர்களை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு அணையும் இடம்தான் ஷார்ட்.

4. மோட்டார் கப்ளரில் ஒரு சோதனை

டிக்கி கதவின் உள்பேனலில் முதலில் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். பிறகு கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்போடு சேர்ந்து பேனலும் உடையும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் பிரியுங்கள், கடைசியில் வேண்டும்.

பழைய முறை ஒயரிங்கில் மோட்டார் கப்ளரில் மூன்று முக்கிய ஒயர்கள் இருக்கும்: எர்த், சாவி போட்டதும் எப்போதும் வரும் லைன், சுவிட்ச் போட்டால் வரும் லைன். எப்போதும் வரும் லைன் எதற்கு? சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் ஓரத்துக்குத் திரும்பிப் போய் நிற்பதற்கு. உங்கள் வைப்பர் ஓடுகிறது, ஆனால் அணைத்ததும் கண்ணாடி நடுவிலேயே நிற்கிறது என்றால் அந்த லைனைத்தான் பார்க்க வேண்டும். அது வருகிறது என்றால், வைப்பரை ஓரத்தில் நிறுத்தும் பார்க்கிங் தகட்டில்தான் பழுது, அது மோட்டாருக்குள் இருக்கும்.

கப்ளரைக் கழற்றி, வைப்பர் சுவிட்சைப் போட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை சுவிட்ச் லைனிலும் மறு முனையை அதே கப்ளரின் எர்த் பின்னிலும் வையுங்கள். வண்டியின் உடம்பில் வைக்காதீர்கள். கப்ளரிலேயே வைத்தால் லைன், எர்த் இரண்டும் ஒரே முறையில் சோதிக்கப்படும்.

- பளிச்சென்று எரிந்தால் ஒயரிங் சரி. நேராக 7-ஆம் படிக்குப் போங்கள்.
- எரியாவிட்டால் எர்த் முனையை மட்டும் எடுத்து, வண்டி உடம்பில் இருக்கும் லாக் கொக்கியில் வையுங்கள். இப்போது எரிந்தால் எர்த் அறுந்திருக்கிறது.
- அப்போதும் எரியாவிட்டால் லைன் வந்து சேரவில்லை. அடுத்த படி.

டிக்கி கதவின் தகட்டிலேயே எர்த் எடுத்துப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். கதவு பெயின்ட்டும் கிரீஸும் பூசிய கீலில்தான் தொங்குகிறது. அதற்கே எர்த் அந்த அறுந்த ஒயர் வழியாக வருவதாக இருக்கலாம்.

கதவு திறந்திருந்தால் ஓடாத வண்டி என்றால், லாக்கின் நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து சோதிக்கலாம். ஆனால் கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவியுங்கள். மறந்துவிட்டுப் படாரென்று சாத்தினால் லாக்கும் கொக்கியும் வளையும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு நேராக லைன் போகாது. நடுவில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கம்ப்யூட்டர் இருக்கும். டெஸ்ட் லேம்பில் குழப்பமான விடை வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதுதான் சரி. வாரன்டி இருக்கும் வண்டியிலும் ஒயரை வெட்டாதீர்கள்.

5. ரப்பர் குழாய்: பலர் பழுதைக் காண்பது இங்கேதான்

மேலே தூக்கும் கதவில் கூரைக்கும் கதவுக்கும் நடுவே, கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். சிலவற்றில் இரண்டு பக்கமும் இருக்கும். பக்கவாட்டில் திறக்கும் கதவில் அது கீல் ஓரத்தில் இருக்கும். கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் ஒயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. சில வருடங்களில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

குழாயின் விளிம்பை பிளாஸ்டிக் நெம்புகோலால் தளர்த்தி, இரு பக்கமும் வெளியே எடுத்துப் பின்னுக்குத் தள்ளுங்கள். மேல்தோல் வெடித்து செம்பு பச்சை பிடித்திருந்தால் உடனே தெரியும். சிக்கல் என்னவென்றால், பல சமயம் மேல்தோல் நன்றாகவே இருக்கும். செம்பு மட்டும் உள்ளே அறுந்திருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல ஒயர் நீளாது. அறுந்தது ரப்பர் பேண்ட் போல நீளும்.

ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவையும் அதே வயதுதான். தோல் வெடித்தவை, பச்சை பிடித்தவை எல்லாவற்றையும் இப்போதே மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி பேனலைக் கழற்ற வேண்டியிருக்காது.

சரிசெய்யும்போது:

ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் வெட்டுங்கள். வெட்டி, மாற்றி, மூடி, அப்புறம் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே வெட்டில் வெட்டிவிட்டு நிறத்தைப் பார்த்துச் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள், ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருப்பதை அப்போதுதான் கவனிப்பார்கள்.

அறுந்த இடத்திலேயே இரு முனையையும் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். மடியும் இடத்தில் இணைப்பு இருந்தால் மறுபடி அங்கேயே அறும். சால்டர் வைத்தால் இன்னும் மோசம், ஈயம் ஏறிய இடம் விறைத்து அதன் ஓரத்தில் ஒயர் முறியும். புது ஒயர்த் துண்டு ஒன்றை நீளமாக எடுத்து, ஒரு இணைப்பு கூரைக்குள்ளும் மற்றது கதவுக்குள்ளும் விழும்படி போடுங்கள். குழாய்க்குள் இணைப்பே இருக்கக் கூடாது. இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக அமைத்தால் கட்டு தடிக்காது.

வைப்பர், விளக்குகளுக்கு 0.75 அல்லது 1 சதுர மிமீ ஒயர் போதும். டீஃபாகர் லைனுக்கும் பொது எர்த்துக்கும் 2.5 சதுர மிமீ வேண்டும். எப்படியும் பழைய ஒயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியதைப் போடாதீர்கள், வண்டி ஒயர் மெல்லிய இழைகள் நிறைய சேர்ந்தது, அதனால்தான் மடிப்பைத் தாங்குகிறது. மேலே ஹீட் ஷ்ரிங்க் மட்டுமே. நம் ஊர் வெயிலில் கூரைக்குள் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகப் பிரிந்துவிடும்.

முடித்ததும் கதவை முழுதாகத் திறந்து, எந்த ஒயரும் விறைத்து இழுபடவில்லை என்று பாருங்கள். குழாயின் விளிம்பு சுற்றிலும் துளைக்குள் உட்கார வேண்டும். ஒரு ஓரம் மடிந்திருந்தாலும் மழைநீர் அதன் வழியே உள்ளே போகும்.

பின்னால் பொருத்திய ரிவர்ஸ் கேமராவின் ஒயரை இந்தக் குழாய்க்குள் திணித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சில இடங்களில் ஒயரைக் கடிக்கும் நீல நிறக் கிளிப்பை வைத்து ரிவர்ஸ் லைட் ஒயரில் லைன் எடுத்திருப்பார்கள். அந்தக் கிளிப் செம்பு இழைகளைப் பாதி வெட்டிவிடும், ஈரமும் ஏறும். கண்டால் எடுத்துவிட்டு முறையாக இணையுங்கள்.

6. எர்த்

எர்த் ஒயர் போல்ட் போட்டு முடியும் இடம் கதவுக்குள்ளோ, டிக்கி பக்கச் சுவர் பேனலுக்குப் பின்னாலோ இருக்கும். கழற்றி, வளையத்தையும் தகட்டையும் பளபளக்கும்வரை தேய்த்து, நன்றாக முடுக்கி, அதன்பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முடுக்கும் முன்பே தடவ வேண்டாம், உலோகம் உலோகத்தில் பட வேண்டும்.

சரியா என்று பார்க்க, டீஃபாகர் ஓடும்போது மீட்டரின் கறுப்பு முனையை நீள ஒயர் வைத்து பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையைப் பின்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் டீஃபாகரின் எர்த் பட்டையிலும் வையுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. மின்சாரம் ஓடாதபோது இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, கெட்ட எர்த்தும் பூஜ்யம்தான் காட்டும்.

7. இப்போது மோட்டார்

வைப்பர் கையைக் கழற்றுவதில்தான் கண்ணாடி உடைகிறது. நட்டைக் கழற்றிய பிறகும் கை பற்களில் துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு தளர்த்தும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, புல்லர் (இறுகியதைப் பிடித்து இழுக்கும் கருவி) போட்டு எடுங்கள். கண்ணாடியில் முட்டுக் கொடுத்து நெம்பாதீர்கள். பின்கண்ணாடி டஃப்பன்ட் கண்ணாடி. விரிசலோடு நிற்காது, மொத்தமாகப் பொடிப்பொடியாக உதிரும்.

மோட்டாரை வெளியே எடுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. முனகிக்கொண்டு நகராமல் நின்றால் தண்டு துருப்பிடித்திருக்கும். கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் ரப்பர் வளையம் காய்ந்ததும் மழைநீர் இறங்கிவிடுகிறது. தண்டை எடுத்துத் துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, புது வளையம் போட்டால் பல மோட்டார்கள் பிழைத்துவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் சென்னையில் புதியது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், பழையது புதுப்பேட்டையில் தேடலாம். கப்ளரின் பின்களையும் தண்டின் நீளத்தையும் உங்கள் பழையதோடு ஒப்பிட்டு, கடையிலேயே பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பொருத்தும்போது வைப்பர் கையை மாட்டும் முன் கப்ளரைச் செருகி ஒருமுறை ஓட்டி அணையுங்கள். மோட்டார் தன் ஓய்வு நிலையில் நிற்கும். அதன்பிறகு கையைச் சரியான இடத்தில் வைத்து நட்டை முடுக்குங்கள். முதலிலேயே கையை மாட்டினால் முதல் சுற்றிலேயே அது கதவின் ஓரத்தில் போய் இடிக்கும்.

8. டீஃபாகர் கோடுகள்

கண்ணாடியின் இரு ஓரத்துப் பட்டைகளுக்கு இடையே, டீஃபாகர் ஆனில் இருக்கும்போது வோல்ட் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ரப்பர் குழாய் என்று மேலே சொன்ன வழியில் போக வேண்டும். 12-ஐ ஒட்டி வருகிறது, கண்ணாடி சூடாகவில்லை என்றால் கோடுகளில் பழுது. டீஃபாகர் 10 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் என்பதால் பட்டையில் மாட்டும் டெர்மினல் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்தக் கோடு என்று ஊட்டி, கொடைக்கானல் பனியில் தானாகத் தெரியும்: கண்ணாடியில் மூட்டம் விலகாத இடம் எங்கேயோ அங்கேதான். சமவெளியில் மீட்டர்தான் வழி. கறுப்பு முனையை எர்த் பக்கப் பட்டையில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றி, லைன் பக்கத்திலிருந்து கோட்டின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். தாள் இல்லாமல் ஊசி முனையை இழுத்தால் நீங்களே இன்னொரு கோட்டை அறுப்பீர்கள். நல்ல கோட்டில் வோல்ட் படிப்படியாகக் குறைந்து நடுவில் 6 அளவில் வரும். அறுந்த கோட்டில் 12 அப்படியே வந்து, ஒரு இடத்தில் சட்டென்று பூஜ்யமாகும். அந்த இடத்தைக் குறியுங்கள்.

கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, டீஃபாகருக்கான வெள்ளி பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒரு நாள் காயவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். ஓரத்துப் பட்டையில் ஒட்டியிருக்கும் டெர்மினல் கழன்று வந்திருந்தால் ஃபெவிக்விக் உதவாது, அது மின்சாரத்தைக் கடத்தாது. மின்கடத்தும் எபாக்சி வேண்டும்.

பழைய சன் ஃபிலிமை பிளேடால் சுரண்டியிருந்தால் பல கோடுகள் ஒன்றாகப் போயிருக்கும். அவ்வளவையும் பெயின்ட்டில் மீட்பது வீண் வேலை என்பது என் கருத்து. கண்ணாடியை மாற்றுவதா, டீஃபாகர் இல்லாமலே ஓட்டுவதா என்று யோசிப்பது மேல்.

9. வாஷர்

பின் வாஷர் குழாயும் பல வண்டிகளில் அதே ரப்பர் குழாய் வழியாகத்தான் போகிறது. வாஷர் மோட்டார் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே சுவிட்சை விடுங்கள். குழாய் உள்ளே கழன்றிருந்தால் தண்ணீர் கூரைத் துணியிலும் கப்ளர்களிலும் கொட்டிக்கொண்டிருக்கும். கழன்ற முனையைச் சேர்த்துவிட்டு, நனைந்த கப்ளர்களைத் திறந்து காயவையுங்கள்.

10. பேனலை மூடும் முன்

2-ஆம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பாருங்கள். கதவைப் பத்து முறையாவது திறந்து மூடிவிட்டு இன்னொரு தடவை. கதவின் அடி ஓரத்தில் இருக்கும் நீர் வடியும் துளைகளில் சேறு அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்கள். பிரித்து வைத்த பிளாஸ்டிக் தாளை மறக்காமல் முழுச் சுற்றும் ஒட்டுங்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வழியே இறங்கும் மழைநீர் பேனல் பக்கம் வராமல் அந்தத் துளைகளுக்குப் போவது அந்தத் தாளால்தான்.